பழைய மேற்கு அமெரிக்காவைக் காரில் சுற்ற: டென்வரிலிருந்து பத்து நாள் பாதை

கேள்வி இது: ஜூன் மாதம் டென்வரில் இறங்குகிறோம், கையில் பத்து நாள் இருக்கிறது, அப்பா அம்மாவும் பத்து வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். கௌபாய் காலத்து ஊர்கள், பழைய கோட்டைகள், போர்க்களங்கள் எல்லாவற்றையும் காரில் சுற்றிப் பார்க்க எங்கே தொடங்குவது, எதை விடுவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணத்தைப் பெரும்பாலோர் வரைபடத்தில் பத்துப் பிரபலமான பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைக் கோடு போட்டு இணைத்துத் திட்டமிடுகிறார்கள். அப்படிப் போனால் நான்காவது நாளில் எல்லா மரக் கட்டடங்களும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பதிலாக ஏறக்குறைய நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே ஓட்டுங்கள். வயோமிங், மொன்டானா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா ஆகிய நான்கு மாநிலங்களும் நெருங்கி வரும் பகுதியில் அதற்கு வசதியான ஒரு வட்டப் பாதை இருக்கிறது. ஓரிடத்தில் பார்த்ததன் விளைவு அடுத்த இடத்தில் கண்ணெதிரே நிற்கும். டென்வரில் தொடங்கி டென்வரிலேயே முடிவதால், வாடகைக் காரை வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும் இல்லை. மொத்தம் சுமார் 1,700 முதல் 1,800 மைல் வரை.

அரிசோனாவின் டூம்ஸ்டோன், கான்சஸின் டாட்ஜ் சிட்டி போன்ற பெயர்கள் உங்கள் மனத்தில் இருக்கலாம். ஜூனில் தெற்கு அரிசோனா பெரியவர்களை வாட்டிவிடும். டாட்ஜ் சிட்டியோ மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெகு தூரம். இரண்டையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

டென்வரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. இறங்கிய இரவு அங்கேயே தூங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, மறுநாள் காலையில் கிளம்புங்கள். முதல் இலக்கு நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஸ்காட்ஸ் பிளஃப். சுமார் 200 மைல், மூன்றரை மணி நேரம். வடக்கு பிளாட் ஆற்றின் கரையில், சமவெளியிலிருந்து திடீரென்று 800 அடி எழும்பி நிற்கும் குன்று அது. உச்சி வரை கார் போகும். 1930-களில் போட்ட சாலை, மூன்று சுரங்கங்கள் வழியாக ஏறுகிறது. பாறைச் சரிவால் சில சமயம் அதை மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே தகவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரத்தில் சிம்னி ராக் என்ற ஊசிப் பாறையையும் பார்த்துவிட்டு வரலாம்.

இங்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், மேற்கை நோக்கிப் போனவர்களும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். 1840-களில் தொடங்கி 1869-ல் கண்டத்தைக் கடக்கும் ரயில் வரும் வரை, மூன்று லட்சத்திலிருந்து நான்கு லட்சம் பேர் வரை ஓரிகான், கலிஃபோர்னியா, யூட்டா நோக்கி இந்த ஆற்றங்கரையில் நடந்தார்கள். ஆம், நடந்தார்கள். கூண்டு வண்டியில் மாவும் பன்றிக் கொழுப்பும் கருவிகளும் ஏறியிருந்தன. மனிதர்கள் பக்கத்தில் நடந்தார்கள். வண்டிகளைப் பெரும்பாலும் மாடுகள்தான் இழுத்தன. ஒரு நாளுக்கு 15 மைல் போனால் நல்ல நாள். வழியில் இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினரைக் கொன்றவை காலராவும் விபத்துகளும். பழங்குடியினரின் தாக்குதலில் இறந்தவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு. குன்றின் உச்சியில் பையனை நிறுத்தி, கிழக்கிலிருந்து மேற்காக அந்தப் பாதையைக் காட்டுங்கள். காரில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரம் அவர்களுக்கு நான்கைந்து நாள் என்றால் அவனுக்குச் சட்டென்று பிடிபடும்.

இரண்டாம் நாள் வயோமிங்குக்குள் நுழைந்ததும் ஃபோர்ட் லாரமி. இந்த முழுப் பயணத்தின் ஆணிவேர் இந்த இடம். 1834-ல் தோல் வியாபாரிகள் கட்டிய சாவடி, 1849-ல் ராணுவம் அதை 4,000 டாலருக்கு வாங்கியது, 1890-ல் கைவிட்டது. படங்களில் வருவதுபோல் கூரிய மரச் சுவர் எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ராணுவம் இருந்த காலத்தில் சுற்றுச்சுவரே கிடையாது. திறந்த மைதானத்தைச் சுற்றிப் படைவீரர் குடியிருப்பு, அதிகாரிகள் வீடு, கடை. சில முழுதாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. சில வெறும் சுவர்களாக நிற்கின்றன. ‘ஓல்ட் பெட்லம்’ எனப்படும் இரண்டு மாடி வெள்ளைக் கட்டடம் 1849-ல் தொடங்கியது. வயோமிங்கில் இன்னும் நிற்கும் ராணுவக் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. நுழைவுக் கட்டணம் இல்லை. நிழல் குறைவு, ஆகவே தொப்பி கட்டாயம். கோடையில் அக்காலச் சீருடையில் ஆட்கள் நின்று விளக்குவார்கள். பழைய சிப்பாய்களின் மதுக்கூடத்தில் இப்போது சர்சபரில்லா பானம் கிடைக்கும்.

இங்கேதான் 1868-ல் அந்த ஒப்பந்தம் போடப்பட்டது. இன்றைய தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம் முழுவதும், கருங்குன்றுகளான பிளாக் ஹில்ஸ் உட்பட, லகோட்டா பழங்குடி மக்களுக்கே என்று அமெரிக்க அரசு கையெழுத்திட்டது. வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பினால் மட்டுமே எதிர்காலத்தில் அதில் ஒரு பகுதியையாவது எடுக்க முடியும் என்றும் எழுதினார்கள். இந்த ஒரு விதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த எட்டு நாட்களும் பார்க்கப்போவது இந்தத் தாளுக்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான்.

பக்கத்தில் 13 மைல் தொலைவில் கெர்ன்ஸி என்ற சிற்றூர். அதன் ஓரத்தில் மணற்பாறையில் கூண்டு வண்டிகள் அறுத்த தடங்கள் இருக்கின்றன. சில இடங்களில் ஐந்து அடி ஆழம். பெரியவர் ஒருவர் உள்ளே நின்றால் மார்பு வரை பாறை வரும். இந்த வட்டத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும்தான் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். எழுதப்பட்ட எந்த வரலாற்றைவிடவும் அத்தனை பேர் போனதை இந்தக் கல் நேராகச் சொல்கிறது. அருகிலேயே ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற பாறைச் சுவரில் பயணிகள் பொறித்த பெயர்களும் ஆண்டுகளும் உள்ளன. இரண்டையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும். அப்புறம் காஸ்பர் வரை ஓட்டி அங்கே தங்குங்கள்.

காஸ்பரில் குடியேறிகளின் பாதைகளைப் பற்றிய தேசிய விளக்கக் கூடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் பையனுக்காக அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு நெடுஞ்சாலை 25-ல் வடக்கே. இந்தச் சாலை ஏறக்குறைய போஸ்மன் பாதை போன திசையிலேயே போகிறது. மொன்டானாவில் தங்கம் கிடைத்தபோது, அங்கே போகக் குறுக்கு வழியாக லகோட்டா, ஷையான் மக்களின் வேட்டை நிலத்தின் நடுவே வெட்டிய பாதை அது. அதைக் காக்க ராணுவம் கட்டிய கோட்டைகளில் ஒன்று ஃபோர்ட் ஃபில் கார்னி. பஃபலோ என்ற ஊரைத் தாண்டிச் சுமார் 20 நிமிடத்தில் வரும்.

அங்கே கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. புல்வெளியில் கோட்டையின் எல்லையைக் குறித்திருக்கிறார்கள், ஒரு சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. ஆனாலும் விடாதீர்கள். 1866 டிசம்பர் 21 அன்று, விறகு வண்டிகளைக் காப்பாற்றக் கிளம்பிய கேப்டன் ஃபெட்டர்மனின் படை, சில பழங்குடிக் குதிரை வீரர்கள் காட்டிய ஆசையில் குன்றுக்கு அப்பால் துரத்திப்போய், காத்திருந்தவர்களிடம் சிக்கியது. 81 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த இரவு பனிப்புயலில் உதவி கேட்டுக் கிளம்பிய ஜான் போர்ச்சுகீ பிலிப்ஸ், 236 மைல் கடந்து, கிறிஸ்துமஸ் இரவில் ஃபோர்ட் லாரமியின் அந்த வெள்ளைக் கட்டடத்துக்குச் செய்தி கொண்டுவந்தார். நீங்கள் முந்தின நாள் நின்ற அதே வாசல். இப்படி ஓரிடம் இன்னோர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன்.

லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் தலைமையில் நடந்த இந்தப் போரில் அமெரிக்க அரசு பின்வாங்கியது. 1868-ல் கோட்டைகளைக் காலி செய்தது. ராணுவம் போனதும் இந்தக் கோட்டையை எரித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான், அந்த ஆண்டு நவம்பரில், ரெட் கிளவுட் லாரமிக்கு வந்து கையெழுத்திட்டார்.

இரவுக்குப் பஃபலோவில் தங்கலாம். 1880-ல் தொடங்கிய ஆக்சிடென்டல் ஹோட்டல் இன்றும் நடக்கிறது. மாட்டுப் பண்ணை முதலாளிகள் கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கொண்டுவந்து சிறு விவசாயிகளைத் தாக்கிய 1892-ஆம் ஆண்டின் ஜான்சன் கவுன்டி போரும் இந்த ஊரைச் சுற்றித்தான் நடந்தது. கௌபாய் கதைகளில் வரும் ‘பெரிய பண்ணைக்கும் சின்னப் பண்ணைக்கும் சண்டை’ என்பதன் நிஜ வடிவம் அது.

நான்காம் நாள் பிக்ஹார்ன் மலைகளைக் கடந்து கோடி நகருக்கு. சாலை 14, அல்லது 14ஏ. இரண்டுமே செங்குத்து, 14ஏ குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், ஜூன் தொடக்கத்தில் போனால் திறந்துவிட்டதா என்று வயோமிங் சாலைத் துறையின் தளத்தில் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். 14ஏ-யில் போனால் கிட்டத்தட்ட 10,000 அடி உயரத்தில் மெடிசின் வீல் என்ற கல் சக்கரம் வரும். பழங்குடியினர் இன்றும் வழிபடும் இடம். வேலியில் கட்டியிருக்கும் துணிகள் வேண்டுதல்கள். தொடவோ எடுக்கவோ கூடாது. கடைசி ஒன்றரை மைல் நடக்க வேண்டும், அந்த உயரத்தில் பெரியவர்களுக்குச் சிரமம். அவர்கள் காருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கோடி நகரம் பஃபலோ பில் கோடி 1890-களில் உருவாக்கியது. ராணுவ வழிகாட்டியாக இருந்து, 1883 முதல் மேற்கை ஒரு நாடகக் காட்சியாக்கி உலகமெல்லாம் கொண்டுபோனவர். 1885-ல் லகோட்டா தலைவர் சிட்டிங் புல்லே ஒரு பருவம் அவருடைய குழுவில் வலம் வந்தார். கௌபாய் என்றதும் நம் மனத்தில் எழும் படத்தில் பெரும் பங்கு இந்த ஒரு மனிதரின் கூடாரத்தில் உருவானது. ஐந்து அருங்காட்சியகங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்டுக்கு அரை நாளாவது கொடுங்கள். துப்பாக்கிப் பகுதியில் கூட்டம் இருக்கும். நான் சமவெளிப் பழங்குடியினர் பகுதியில்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன். நுழைவுச் சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும் என்பதால், நான்காம் நாள் மாலை கொஞ்சம், மறுநாள் காலை மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒவ்வோர் இரவும் கௌபாய் வித்தைப் போட்டியான ரோடியோ நடக்கும். பையனுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போவது அதுவாக இருக்கலாம். ஊர் ஓரத்தில் ஓல்ட் ட்ரெயில் டவுன் என்ற இடத்தில், பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய அசல் மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நுழைவாயில்களில் படி இருக்கும், பார்த்து.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசல் கோடியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆசை வரும். போகாதீர்கள். அரை நாளில் அதைப் பார்க்க முடியாது, இந்தப் பயணத்தின் ஓட்டமும் அறுந்துவிடும். அதற்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள்.

ஆனால் கோடிக்கும் பவலுக்கும் நடுவே, பில்லிங்ஸ் போகும் வழியிலிருந்து சற்று விலகினால் ஹார்ட் மவுன்டன் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது 10,000-க்கும் அதிகமான ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை ஒரே சமயத்தில் அடைத்து வைத்திருந்த முகாம். எல்லைப்புறக் கதையில் இது நேராகச் சேராது. ஆனால் மக்களை அவர்கள் வீட்டிலிருந்து கிளப்பி ஒரு வேலிக்குள் வைப்பது என்ற பழக்கம் எவ்வளவு நாள் நீடித்தது என்பதைப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுக்கலாம். ஐந்தாம் நாள் இரவு மொன்டானாவின் பில்லிங்ஸில்.

ஆறாம் நாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்கே லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் இருங்கள். பில்லிங்ஸிலிருந்து ஒரு மணி நேரம். மதியத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் அதிகம். 1874-ல் ராணுவ அதிகாரி ஜார்ஜ் கஸ்டரின் படை, ஒப்பந்தப்படி லகோட்டாவுக்குச் சொந்தமான பிளாக் ஹில்ஸுக்குள் போய், தங்கம் இருப்பதாக அறிவித்தது. சுரங்கக்காரர்கள் புகுந்தார்கள். அரசு அவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாகக் குன்றுகளை விலைக்குக் கேட்டது; கிடைக்கவில்லை. பிறகு, ஒதுக்கப்பட்ட பகுதிக்குத் திரும்பாதவர்கள் எல்லாம் எதிரிகள் என்று அறிவித்துப் படை அனுப்பியது. 1876 ஜூன் 25 அன்று கஸ்டர், சிட்டிங் புல்லும் இன்னொரு லகோட்டா தலைவரான கிரேஸி ஹார்ஸும் இருந்த பெரிய முகாமைத் தாக்கினார். அவரும் அவருடன் இருந்த சுமார் 210 பேரும் இறந்தார்கள்.

சாலை, கஸ்டர் இறந்த நினைவுக்குன்றின் அருகே தொடங்குகிறது, எல்லோரும் அங்கேயே முதலில் இறங்குவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் நேரே நாலரை மைல் தள்ளி மறு முனையில், கஸ்டரின் கீழிருந்த இரண்டு அதிகாரிகளின் பெயரில் உள்ள ரீனோ-பென்டீன் இடத்துக்குப் போய்விடுங்கள். போர் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. அங்கிருந்து ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு திரும்பினால், குன்றுக்கு வந்து சேரும்போது என்ன நடந்தது என்பது காலில் தெரியும். சிப்பாய்கள் விழுந்த இடங்களில் வெள்ளைப் பளிங்குக் கற்கள். லகோட்டா, ஷையான் வீரர்கள் விழுந்த இடங்களில் சிவப்புக் கருங்கற்கள். இவை 1999-க்குப் பிறகுதான் வந்தன. 1991 வரை இந்த இடத்தின் பெயரே கஸ்டர் போர்க்களம். பழங்குடியினருக்கான நினைவிடம் திறந்தது 2003-ல். வட்டச் சுவருக்குள் நின்று, கம்பி ஓவியம்போல் வானத்தின் முன் ஓடும் அந்த வெண்கலக் குதிரை வீரர்களைப் பார்க்காமல் வராதீர்கள்.

1983-ல் புல் எரிந்து தரை வெளிப்பட்டபோது தொல்லியலாளர்கள் உலோகக் கருவிகளோடு முழு வயலையும் தேடினார்கள். கிடைத்த தோட்டா உறைகள், லகோட்டா, ஷையான் வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் போன்ற தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் கணிசமாக இருந்ததைக் காட்டின. சிப்பாய்களிடம் இருந்தவை ஒவ்வொரு முறையும் தோட்டா போட வேண்டியவை. பூங்கா அலுவலரான ரேஞ்சரின் விளக்க உரைக்குக் கட்டாயம் உட்காருங்கள். அதோடு, இந்த நிலம் இன்று குரோ மக்களுக்கான பகுதிக்குள் இருக்கிறது. அவர்களின் முன்னோர் சிலர் கஸ்டருக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்கள். கோடையில் குரோ வழிகாட்டிகள் நடத்தும் பஸ் சுற்றுக்கு இடம் கிடைத்தால் ஏறிவிடுங்கள். உங்கள் பெற்றோருக்கும் அது சுலபம்.

அங்கிருந்து தெற்கு டகோட்டாவுக்குச் சாலை 212. தேசிய நெடுஞ்சாலை வேறு பக்கம் போகிறது, இது இருவழிச் சாலை. லாரிகள் வேகமாக வரும். ஆனாலும் நான் இதையே சொல்வேன். வடக்கு ஷையான் மக்களின் பகுதி வழியாக, லேம் டியர் ஊரைத் தொட்டுக்கொண்டு, பைன் மரங்களும் சிவந்த மண்ணும் சூழப் போகும். கிளம்பும்போதே பெட்ரோலை முழுதாக நிரப்புங்கள். மூன்றரை, நாலு மணி நேரத்தில் டெட்வுட்.

டெட்வுட் 1876-ல் தங்கத்துக்காக முளைத்த ஊர். முழு ஊருமே தேசிய வரலாற்றுச் சின்னம். 1989 முதல் சூதாட்டம் சட்டபூர்வம், அந்த வருமானத்தில்தான் பழைய கட்டடங்களைக் காத்தார்கள். ஆகவே தெருவெல்லாம் இயந்திரச் சத்தம் இருக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு சூதாட்டக் கூடங்களுக்குள் சுற்ற முடியாது என்பதால் ஏழாம் நாளைத் தெரு நாடகம், ஆடம்ஸ் அருங்காட்சியகம், மவுன்ட் மோரையா கல்லறைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1876 ஆகஸ்ட் 2 அன்று சீட்டாடிக்கொண்டிருந்த, துப்பாக்கி சுடுவதில் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக்கை ஜாக் மெக்கால் பின்னாலிருந்து சுட்டான். சுரங்கக்காரர்கள் கூடி நடத்திய விசாரணையில் அவன் விடுதலை ஆனான். பிறகு யாங்க்டனில் மறுபடி விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை எப்படி என்றால், டெட்வுட் விசாரணைக்குச் சட்ட மதிப்பே இல்லை என்பதுதான் பதில். ஊர் இருந்தது ஒப்பந்தப்படி லகோட்டா நிலத்தில். தெருவில் இந்த விசாரணையை நாடகமாகப் போடும்போது இந்தக் கடைசிச் செய்தியையும் பையனுக்குச் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டம் செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. கோடையில் ஓடும் சுற்றுலா பஸ் பெரியவர்களுக்கு நல்லது. ஹிக்காக்கும், அக்கால எல்லைப்புறத்தில் புகழ்பெற்ற பெண்ணான கலாமிட்டி ஜேனும் அங்கே அருகருகே இருக்கிறார்கள்.

மூன்று மைல் தள்ளி லீட் ஊரில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். 2002-ல் மூடும் வரை 4 கோடி அவுன்ஸ் தங்கம் எடுத்தார்கள். 8,000 அடி ஆழம். இப்போது கீழே இயற்பியல் ஆய்வகம் இயங்குகிறது. மேலிருந்தே அந்தப் பெரிய பள்ளத்தைப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் சொன்ன நான்கில் மூன்று பங்கு ஒப்புதல் என்ன ஆனது? சுமார் பத்தில் ஒரு பங்கினரின் கையெழுத்தோடு, 1877-ல் நாடாளுமன்றம் பிளாக் ஹில்ஸை எடுத்துக்கொண்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம் அது முறையற்றது, இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். லகோட்டா மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள்; அவர்களுக்கு வேண்டியது குன்றுகள். அந்தப் பணம் வட்டி சேர்ந்து இன்று 100 கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. இந்தப் பகுதி மக்கள் அமெரிக்காவின் மிக ஏழ்மையான இடங்களில் வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் வாங்கவில்லை. மறுநாள் மவுன்ட் ரஷ்மோரில் நான்கு அதிபர்களின் முகங்களுக்குக் கீழே நிற்கும்போது இதை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

எட்டாம் நாள் குன்றுகளின் தெற்குப் பக்கம். ரஷ்மோர், 1948 முதல் மலையில் செதுக்கிக்கொண்டிருக்கும் கிரேஸி ஹார்ஸ் சிலை, கஸ்டர் மாநிலப் பூங்கா. முதல் இரண்டையும் சேர்த்து அரை நாள் போதும், மிச்ச நேரமெல்லாம் பூங்காவுக்கு. 18 மைல் வனவிலங்குச் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டெருமைகள் திரிகின்றன. சாலையை மறித்து நின்றால் காருக்குள் காத்திருங்கள், இறங்கவே கூடாது. கோடிக்கணக்கில் இருந்த இந்த விலங்கு 1880-களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கியது. சமவெளி மக்களைத் தோற்கடித்ததில் துப்பாக்கிகளைவிட இதற்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். நீடில்ஸ் சாலையின் ஒரு சுரங்கம் எட்டு அடி அகலம்தான், பெரிய வேன் எடுத்திருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். இரவு ரேபிட் சிட்டியில்.

ஒன்பதாம் நாள்தான் நீண்ட நாள். காலை ஆறரைக்குக் கிளம்பி பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. கோடு கோடாக அரிந்த மண் மலைகள். சாலையில் பிக் ஃபுட் பாஸ் என்ற பார்வையிடத்தில் நிறுத்துங்கள். 1890 டிசம்பரில் சிட்டிங் புல் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, பிக் ஃபுட் என்ற தலைவர் சுமார் 350 பேரோடு இந்தச் சுவரில் இறங்கித் தெற்கே போனார். நீங்களும் அங்கேதான் போகப் போகிறீர்கள்.

வூண்டட் நீ. 1890 டிசம்பர் 29 காலையில், ஆயுதங்களைப் பறிக்கும்போது ஒரு துப்பாக்கி வெடித்தது. கஸ்டர் இருந்த அதே ஏழாவது குதிரைப்படை பீரங்கிகளோடு சுட்டது. இறந்தவர்கள் 150 முதல் 300 வரை என்று கணக்கிடுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் நிறையப் பேர். அந்தப் படையினரில் சுமார் 20 பேருக்கு நாட்டின் உயர்ந்த வீரப்பதக்கம் தரப்பட்டது. அங்கே ஒரு பலகை, குன்றின் மேல் கம்பி வேலிக்குள் ஒரே குழியில் புதைத்தவர்களின் நினைவுக்கல், சுற்றி ஊர்க்காரர்களின் கல்லறைகள். அவ்வளவுதான். 2022-ல் இரண்டு லகோட்டா பழங்குடி அரசுகள் சேர்ந்து அந்த இடத்தில் 40 ஏக்கரை விலைக்கு வாங்கித் தங்கள் கையில் கொண்டுவந்தன.

இங்கே போகலாமா என்று சிலர் தயங்குவார்கள். போங்கள். ஆனால் இது இன்னும் குடும்பங்கள் வந்து அழும் இடுகாடு. செல்ஃபி வேண்டாம், சத்தம் வேண்டாம், அங்கே கட்டியிருக்கும் துணிகளைத் தொட வேண்டாம். கைவினைப் பொருள் விற்க யாராவது வந்து பேசுவார்கள். முடிந்தால் ஒன்றை வாங்குங்கள். அவர்களிடம் பேசினால் எந்தப் பலகையிலும் இல்லாத செய்தி கிடைக்கும். பைன் ரிட்ஜ் பகுதியில் மது தடை, காரிலும் வைத்திருக்கக் கூடாது. பைன் ரிட்ஜ் ஊருக்குச் சற்று வடக்கே லகோட்டா கலைகளுக்கான காட்சிக்கூடம் இருக்கிறது. 1909-ல் இறந்த ரெட் கிளவுட்டின் கல்லறையும் அங்கேதான். போரில் வென்று கையெழுத்திட்டவர், அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் நாற்பது ஆண்டுகள் உயிரோடு இருந்து பார்த்தார்.

இரவு நெப்ராஸ்காவின் ஃபோர்ட் ராபின்சன். இது மாநிலப் பூங்கா. பழைய அதிகாரிகள் வீடுகளிலேயே தங்கலாம், பெரிய குடும்பத்துக்கு ஏற்ற அறைகள், சமையலறையும் உண்டு. 1877 செப்டம்பர் 5 அன்று, சரணடைந்திருந்த கிரேஸி ஹார்ஸைக் காவலறைக்குள் தள்ள முயன்றபோது ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி குத்தி அவர் இறந்தது இங்கே. மறுபடி கட்டிய காவலறை மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1879 ஜனவரியில், தெற்கே திரும்பிப் போக மறுத்த ஷையான் மக்களைச் சோறும் விறகும் இல்லாமல் அடைத்து வைத்ததும், அவர்கள் ஜன்னல் வழியே பனியில் தப்பியோடியதும் இதே மைதானத்தில். இங்கேயும் அதற்குப் பின் நடந்த துரத்தலிலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். நீங்கள் சாலை 212-ல் கடந்து வந்த லேம் டியர், அவர்களில் மிஞ்சியவர்கள் கடைசியில் பெற்ற நிலம்.

பத்தாம் நாள் தெற்கே அகேட் ஃபாசில் பெட்ஸ் வழியாக வாருங்கள். பெயரென்னவோ புதைபடிவங்களுக்கு, உள்ளே ரெட் கிளவுட்டின் குடும்பம் தங்கள் நண்பரான ஒரு பண்ணைக்காரருக்குப் பரிசளித்த பொருட்கள் இருக்கின்றன. பிறகு ஷையான் நகரம், அதன் பழைய ரயில் நிலையம், மாலையில் டென்வர்.

சாப்பாடு, பெட்ரோல், முன்பதிவு. வழியெங்கும் மாட்டிறைச்சி நாடு. சைவம் என்றால் காஸ்பர், பில்லிங்ஸ், ரேபிட் சிட்டி தவிர நம்பிக்கை வைக்க வேண்டாம்; சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், ஒரு ஐஸ் பெட்டி. ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் உள்ள மோட்டல் அறைகளைத் தேடுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஜூன் பிற்பகல்களில் இடியும் ஆலங்கட்டி மழையும் வரும், ஆகவே வாடகைக் காருக்குக் காப்பீடு எடுங்கள். அந்தியில் மான்கள் சாலைக்கு வரும், இருட்டுக்கு முன் ஊர் சேருங்கள். தேசியப் பூங்காக் கட்டணம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் இப்போது வேறு வேறு. பெற்றோருக்கு எது பொருந்தும் என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேசிய இடத்திலும் பையனுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேளுங்கள். நிரப்பிக் கொடுத்தால் பேட்ஜ் தருவார்கள்.

ஜூலை கடைசி வாரம் ஷையானில் ஃபிரான்டியர் டேஸ் திருவிழா, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸில் மோட்டார் சைக்கிள் கூட்டம். அப்போது அறைகள் கிடைக்கா, கிடைத்தாலும் விலை பல மடங்கு. நீங்கள் ஜூனில் வருவது நல்லதாயிற்று. முதலில் ஃபோர்ட் ராபின்சன் வீட்டைப் பதிவு செய்யுங்கள், அதுதான் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதன் தேதி உறுதியானதும் மற்ற இரவுகளைப் பின்னோக்கி எண்ணிப் போட்டுக்கொள்ளலாம். அடுத்து கோடி, பிறகு டெட்வுட். மீதி ஊர்களில் ஒரு மாதம் முன்னால் போதும்.